செல்ஃப் எடுக்கலை

'செல்ஃப் எடுக்கலை.'

கார், ஜீப், ஆட்டோ, ஜெனரேட்டர், படகு என்று இன்ஜின் உள்ள எதையாவது வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு நாளாவது இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருப்பீர்கள். அதன் முழுப் பெயர் செல்ஃப் ஸ்டார்ட்டர். வெள்ளைக்காரன் பின்பாதியை வைத்துக்கொண்டான், நாம் முன்பாதியை. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து, 1912 மாடல் காடிலாக் காரில் வந்த சாமான் இது. அதற்கு முன்னால் காரின் மூக்கில் ஒரு கம்பியைச் செருகிக் கையால்தான் சுற்ற வேண்டும். அது எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு காலி. பழைய அம்பாசடர்களின் டிக்கியில் அந்தக் கம்பி கிடந்ததை நாற்பதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள்.

செல்ஃப் எடுக்காததில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அடியோடு எடுக்காது. இது யோக்கியமான ரகம். மெக்கானிக் வந்து பார்ப்பார், செத்தது எது என்று தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். இன்னொன்றுதான் வில்லங்கம். காலையில் எடுக்கும், மத்தியானம் எடுக்காது. வீட்டில் எடுக்கும், கல்யாண மண்டப வாசலில் எடுக்காது. மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் முதல் திருகலிலேயே 'டுர்ர்' என்று எடுத்து நம் மானத்தை வாங்கும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே, அந்த மாதிரி.

இந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி எனக்கு ஒழுங்காக விளங்கியது கொல்லிமலையில். சாமை, தினை பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். போன வேலையை விட ஒரு ஜீப்தான் மனதில் நின்றது.

கொல்லிமலை தெரியாதவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் காரவள்ளி. அங்கிருந்து மேலே சோளக்காடு போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். முப்பதாவது வளைவுக்கு மேல் பஸ்ஸில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று சுற்றிவிட்டு, வாசலூர்பட்டி படகு இல்லத்தில் மிதிபடகு மிதித்துவிட்டுத் திரும்புவது டூரிஸ்ட் வழக்கம். ஆனால் மலை என்பது அந்தத் தார் ரோடு மட்டும் இல்லை. பிரிந்து உள்ளே போகும் மண் பாதைகளில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்குப் பழைய ஜீப்தான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். அன்னாசி, பலா, மிளகு, காபி என்று சந்தைக்குப் போகிற மூட்டையும் அதில்தான். மூட்டைக்கு மேலே மனுஷனும் அதில்தான்.

எனக்கு வாய்த்த ஜீப் டீசல். வயது முப்பதைத் தொடும். டிரைவருக்கும் ஏறத்தாழ அதே வயது. அவர்தான் ஓனர். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். எங்கே நிறுத்தினாலும் மூக்கு சரிவைப் பார்த்துத்தான் நிற்கும். சரிவு இல்லாவிட்டால் இருபது அடி தள்ளிப் போயாவது சரிவு தேடுவார். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். கிளம்பும்போது கல்லை எடுப்பார், வண்டி தானாக உருளும், கிளட்சை விடுவார், இன்ஜின் உயிர் பெறும். சாவியைச் செல்ஃப் வரைக்கும் திருப்பவே மாட்டார்.

"செல்ஃப் வேலை செய்யாதா?"

"செய்யுங்க சார். நாம கேக்கறப்ப செய்யாது. அதுக்கா தோணுனா செய்யும்."

சுற்றிப் பார்த்தால் சந்தைப் பக்கம் நின்ற பழைய ஜீப்களில் பல அதே போஸில் நின்றன. சரிவில் மூக்கு, சக்கரத்தில் கல். மலை இனாமாகக் கொடுக்கும் செல்ஃப் இருக்கும்போது வண்டியின் செல்ஃபுக்கு யார் செலவு பண்ணுவார்கள்?

இவர் பண்ணியிருக்கிறார் என்பதுதான் சோகம். பதினாலு மாசத்தில் இரண்டு புது பேட்டரி. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் மாற்றியாகிவிட்டது. சாவி ஸ்விட்ச் புதுசு. சொலினாய்டு புதுசு. எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய்ச் சொச்சம், அதில் பாதி வட்டிக்கு. ஒவ்வொரு முறையும் மாற்றின பிறகு ஒரு வாரம், பத்து நாள் ஒழுங்காக எடுக்குமாம். அப்புறம் பழைய கதை.

இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துக்கொண்டு போனதாகப் புறநானூறு சொல்கிறது. இவர் ஜீப்பில் நடந்தது அதற்குத் தலைகீழ். ஒரே ஒரு உடும்புக்கு நாலைந்து அம்பு விட்டிருக்கிறார்கள். உடும்பு சௌக்கியமாகத்தான் இருந்தது.

"பழகிடுச்சுங்க. சரிவுலயே நிறுத்தி ஓட்டிடலாம்னுதான் இருந்தேன்" என்றவர், கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு அவராகவே சொன்னார்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தலைப்பிரசவ வலி, எதிர்பார்த்த தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008லிருந்து ஓடுகிறது. மலைக்கும் வரும். ஆனால் அந்த மண் பாதையில், அந்த மழையில், தார் ரோடு வரைக்கும் நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மூட்டை இறக்குவதற்காக ஜீப்பைக் களத்தில் நிறுத்தியிருந்தார். களம் என்றால் தெரியுமே, தட்டையாக மெழுகின மாதிரி இருக்கும். பெண்ணைப் பின்னால் படுக்க வைத்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினார். 'டிக்.' மறுபடி. 'டிக்.' அவ்வளவுதான்.

"ஆறு பேர் தள்ளுனோம் சார். சேத்துல சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. அந்தப் புள்ள உள்ள கத்துது. களத்தத் தாண்டி சரிவுக்குக் கொண்டாறதுக்குள்ள இருவது நிமிசம்."

செம்மேடு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அன்றிலிருந்து அவர் மனைவி ஒரே பிடிவாதம்: ஒன்று செல்ஃபைச் சரி பண்ணு, இல்லை வண்டியை வித்துடு.

நான் நாமக்கல் இறங்க வேண்டிய வேலை இருந்தது. அவரும் ஜீப்பை அங்கே காட்டலாம் என்றார். நாமக்கல் லாரி ஊர். லாரி ஊர் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஊரும்தான். ஒரு டீக்கடைக்கு இரண்டு பேட்டரி கடை என்ற விகிதத்தில் இருக்கும். டீக்கடையில் விசாரித்ததில், ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையைக் கை காட்டினார்கள். அறுபது வயசுக்காரர். மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். ஜீப்பைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. ஸ்பேனரோடு பாய்கிறவர்களை எனக்கு எப்போதும் பயம்.

"எடுக்காதப்ப டிக்னு சத்தம் வருதா, வரலையா?"

"வருதுங்க."

"ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு சாவியத் திருப்பிப் பார்த்திருக்கியா? லைட் அணையுதா, மங்குதா, அப்படியே நிக்குதா?"

"அப்படியே பளிச்சுனு நிக்குதுங்க."

"அப்ப பேட்டரி மேல எதுக்கு தம்பி சந்தேகப்பட்டே?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல?

இந்த இரண்டு கேள்விகளை நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பினால் நடப்பது இரண்டு காரியம். சன்னமான ஒயர் வழியாகச் சின்ன கரண்ட் போய் சொலினாய்டை இழுக்கும். அதுதான் 'டிக்'. சொலினாய்டு இழுத்ததும் கட்டை விரல் தடிமன் கேபிளில் பெரிய கரண்ட் மோட்டாருக்குப் பாயும். டிக் சத்தமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சாவி ஸ்விட்ச், சன்ன ஒயர் பக்கம். டிக் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் தடிமன் பக்கம். கூடவே லைட்டும் செத்துப்போனால் பேட்டரியிலோ, பேட்டரி முனையிலேயோ தகராறு. லைட் பளிச்சென்று நின்றால், பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, நடுவில் யாரோ தடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்பேனர் தொடாமல், பைசா செலவில்லாமல், பாதி வியாதி தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. "இன்ஜின் நிறுத்தறதுக்கு ஒரு குமிழ் இழுப்பியே... அது என்னிக்காவது சுட்டிருக்கா?"

டிரைவர் வாய் பிளந்துவிட்டார். "சுடுமுங்க! செல்ஃப் எடுக்காத அன்னிக்கெல்லாம் சுடும். இன்ஜின் சூடுன்னு நினைச்சுக்கிட்டேன்."

பெரியவர் தலையாட்டிவிட்டு, "திருப்பு பாப்போம்" என்றார். ஜீப் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கரெக்ட். முதல் திருகலில் எடுத்தது. ஐந்து தடவை நிறுத்தி ஐந்து தடவையும் எடுத்தது. டிரைவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"எடுத்தா நல்லதுதான். எடுக்கறப்பவே கண்டுபிடிச்சிடலாம்" என்றார் அவர். ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்தார். 300 ரூபாய்க்குக்கூடக் கிடைக்கிற சமாச்சாரம்.

இங்கே ஒரு நிமிஷம். நான் பி.காம். படித்தவன். எனக்கு ஓம்ஸ் லா சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் வெற்றி பெற்றதில்லை. ஆனால் அந்தப் பெரியவர் செய்ததைப் பார்த்ததும் எனக்கு டிரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. பேட்டரி கொடுக்கும் வோல்ட் என்பது வரவு. அது மோட்டார் போய்த் திரும்பி வரும் வழி நெடுக ஆகும் செலவையெல்லாம் கூட்டினால் வரவுக்குச் சமமாக வந்தாக வேண்டும். பைசா குறையாது, கூடாது. கிர்ச்சாஃப் என்ற ஜெர்மன்காரர் 1845ல், கல்லூரி மாணவராக இருக்கும்போதே, சொல்லிவிட்டுப் போன விதி. கணக்கு இடித்தால் நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் போட்டு மேலே போய்விடுவோம். மின்சாரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.6. நல்ல பேட்டரி. இன்ஜின் உயிர் பிடிக்காதபடி நிறுத்துகிற குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, டிரைவர் செல்ஃபை மட்டும் சுற்ற வைத்தார். மோட்டார் சுற்றும்போது பேட்டரி முனையில் 10.8. அதுவும் சரிதான். மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 9.1. அப்படியானால் 1.7 வோல்ட்டை நடுவில் யார் சாப்பிட்டது? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி ப்ளஸ்ஸிலும், மறு முனையை மோட்டாரின் டெர்மினலிலும் வைத்தார். சுற்றும்போது 0.3. போகிற வழியில் இவ்வளவு சில்லறைச் செலவு நியாயம். அடுத்து ஒரு முனை பேட்டரி மைனஸ், மறு முனை இன்ஜின் உடம்பு. திருப்பச் சொன்னார். 1.4.

கணக்கு டேலி ஆகிவிட்டது. 9.1, 0.3, 1.4. கூட்டிப் பாருங்கள், 10.8. திருடன் திரும்பி வருகிற வழியில் இருந்தான்.

"எல்லாரும் போற வழியத்தான் பாப்பாங்க. வர்ற வழிய ஒருத்தனும் பாக்கறதில்ல" என்றபடி ஒரு கடப்பாரையை இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து லேசாக நெம்பினார். "இப்பத் திருப்பு." 'டிக்.' மீட்டரில் 1.4 என்றிருந்தது 4ஐத் தாண்டி எகிறியது. பதினாலு மாசமாகக் கண்ணாமூச்சி ஆடின கோளாறு, ஒரு நெம்பலில் கையும் களவுமாக மாட்டியது.

விஷயம் இதுதான். ஜீப்பில் கரண்ட் போவதற்குத்தான் தனி கேபிள். திரும்பி வர இரும்பு உடம்பே வழி. 'பாடி எர்த்' என்பார்கள். ஆனால் இன்ஜின் சேஸிஸ் மேல் நேராக உட்கார்ந்திருக்கவில்லை, ரப்பர் மவுன்ட்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கத் தாமிரக் கம்பியில் தலைப்பின்னல் மாதிரி பின்னின ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அடியில், இருட்டில், சேறும் ஆயிலும் அப்பிக்கொண்டு கிடக்கும். இந்த ஜீப்பில் அந்தப் பின்னலில் பாதி இழை அறுந்திருந்தது. போல்ட்டுக்கு அடியில் துரு. துருவுக்கு மேல் யாரோ அழகாகப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள்.

கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்து நிற்கிற விதத்தில் இழைகள் ஒன்றை ஒன்று தொட்டால் செல்ஃப் எடுக்கும். தொடாவிட்டால் டிக். 'அதுக்கா தோணுனா' என்று டிரைவர் சொன்னாரே, தோன்றுவது இப்படித்தான். மெயின் வழி அடைந்ததும் கரண்ட் சந்து பொந்தில் நுழைந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்கு வருகிற அந்த நிறுத்துக் குமிழின் இரும்புக் கேபிள் வழியாக. குமிழ் ஏன் சுட்டது என்று இப்போது புரிகிறதா?

லைட் ஏன் பளிச்சென்று நின்றது? லைட்டின் எர்த் நேரே பாடியில். பின்னல் பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பழைய மெக்கானிக்குகளை ஏமாற்றியதும் இந்த மாதிரி ஒரு சமாசாரம்தான். கெட்டுப்போன இணைப்பு ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்குதான் தடை கொடுக்கிறது என்று வையுங்கள். சின்ன பல்பு 2 ஆம்பியர் கேட்கும். அதற்கு நஷ்டம் 0.04 வோல்ட். கண்ணுக்கே தெரியாது, பல்பு ஜோராக எரியும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் கேட்கும். அதே இடத்தில் 4 வோல்ட் போய்விடும். நண்பனிடம் நூறு ரூபாய் கேட்டால் உடனே கொடுக்கிறான், பத்தாயிரம் கேட்டால்தான் தெரிகிறது இல்லையா! அதனால்தான் மோட்டார் சுற்றும்போது அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது எல்லா இணைப்பும் உத்தமன்தான்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன். லாரியில் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கடலூர்ல. பதினஞ்சு வருசம் போட்டு வேலை."

மீன்பிடிப் படகு இன்ஜின்களுக்கு எலக்ட்ரிகல் பார்த்திருக்கிறார். ஃபைபர் படகில் இரும்பு உடம்பு கிடையாது, அதனால் பாடி எர்த்தும் கிடையாது. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் தனியாக இழுத்தாக வேண்டும். இணைப்புகள் இரட்டிப்பு, அத்தனையும் உப்புக் காற்றில். தாமிரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். வெளியே பார்த்தால் ஒயர் புதுசு மாதிரி இருக்கும், தோலைச் சீவினால் உள்ளே கம்பி கறுத்துப் போயிருக்கும். உப்பு தோலுக்குள்ளேயே ஏறிவிடுமாம். அதனால்தான் படகுக்கென்று ஈயம் பூசின தாமிர ஒயர் தனியாக விற்கிறது. பழைய மோட்டார் படகுகளில் இன்னொரு வேடிக்கை. கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்படி ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்திருப்பார்கள் பலவற்றில். அது தேய்ந்துவிட்டால் கியர் லீவரைக் கொஞ்சம் ஆட்டி ஆட்டி வைத்தால்தான் எடுக்கும். ஆட்டினால் எடுக்கிறதே என்று வருஷக்கணக்கில் ஆட்டிக்கொண்டே ஓட்டுவார்கள்.

"கரையில எடுத்துரும். நடுக்கடல்ல இன்ஜின நிறுத்தி வலை போட்டுட்டு, திரும்ப எடுத்தா டிக். அங்க என்னத்தத் தள்ளுவீங்க? கடல்ல ஏது சரிவு? அதனால கரையில இருக்கறப்பவே அளந்து பாத்துருவோம். இங்க மலைக்காரங்களுக்கு எங்க பாத்தாலும் சரிவு. கோளாறு பாட்டுக்கு இருக்கும், வண்டியும் பாட்டுக்கு ஓடும்."

டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. களத்தை நினைத்திருப்பார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மீட்டர் வாங்கப் போகிறவர்களுக்குப் பெரியவர் சார்பில் ஒரு எச்சரிக்கை. செல்ஃப் எடுக்காவிட்டால் ஸ்குரூ டிரைவரை வைத்து சொலினாய்டின் இரண்டு முனைகளையும் முட்ட வைக்கும் வித்தை ஒன்று உண்டு. பார்த்திருப்பீர்கள், தீப்பொறி பறக்கும். வண்டி கியரில் இருந்தால் ஆள் மேலேயே ஏறும். பெட்ரோல் இன்ஜினை மூடின அறைக்குள் வைத்திருக்கும் படகில் இதைச் செய்தால், கீழே தேங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். ஏறுவதற்குச் சாலையும் இருக்காது, ஓடுவதற்குத் தரையும் இருக்காது.

ரிப்பேருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பழைய பட்டையைப் பிடுங்கிப் போட்டார். போல்ட் உட்காரும் இடத்தை இரண்டு பக்கமும் வெள்ளி மாதிரி மின்னும்வரை சுரண்டினார். தடிமனான புது கேபிள், பல் வாஷர், இறுக்கின பிறகு மேலே கிரீஸ். மறுபடி மீட்டர். 1.4 இருந்த இடத்தில் 0.1. கடப்பாரையால் நெம்பியும் பார்த்தார். 0.1தான். மொத்தம் 350 ரூபாய்.

பணத்தைக் கொடுக்கும்போது டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப... நான் எக்சேஞ்சுல போட்ட ரெண்டு பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

பெரியவர் கை துடைத்துக்கொண்டிருந்தார். "பாக்காம எப்படிச் சொல்றது தம்பி" என்றார். பதில் அவருக்குத் தெரியும். சொல்லாதது மரியாதை.

ஒவ்வொரு தடவை சாமான் மாற்றினதும் ஏன் பத்து நாள் ஒழுங்காக எடுத்தது என்ற சந்தேகம் எனக்கு மிச்சம் இருந்தது. அதையும் கேட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது இன்ஜினை நெம்புவார்கள், ஆட்டுவார்கள். இழைகள் தற்செயலாக ஒன்று சேரும். புது பேட்டரிக்கோ கொஞ்சம் கூடுதல் தெம்பு, அந்தத் தடையையும் மீறித் தள்ளிவிடும். சாமான் விற்றவருக்கு நல்ல பேர். அவரும் பொய் சொல்லவில்லை பாருங்கள்.

என் பை மேலே லாட்ஜில் இருந்ததால் அன்று சாயங்காலமே திரும்ப மலை ஏறினோம். 70 வளைவும் முடிந்து சோளக்காட்டில் டீ குடிக்க நிறுத்தினார். தட்டையான இடம். வேண்டுமென்றே தட்டையான இடமாகப் பார்த்து நிறுத்தினார் என்பது தெரிந்தது. இன்ஜினை அணைத்தார், டீ குடித்தார், வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். எடுத்தது. வீட்டுக்குப் போன் போட்டார். "எடுக்குது" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அந்தப் பக்கம் நிறையக் கேள்விகள் போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்றார்.

லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டபோது கவனித்தேன். இறங்கின கையோடு பின்னால் போய் அந்தக் கல்லை எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

"இன்னும் எதுக்கு? அதான் செல்ஃப் எடுக்குதே?"

"ஹேண்ட் பிரேக் பிடிக்காதுங்க சார்" என்றார்.